கோட்டை வாசலில் ஓநாய்

"என் ஓநாயை வெளிய விட்டுட்டு நான் மட்டும் ஊருக்குள்ள வரமாட்டேன்க்கா!"

பிள்ளைகளே, துவாரகா போகும் மெட்ரோவில் நேற்று இதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, பக்கத்தில் நோட்டுடன் அவளுடைய அக்கா. அக்கா கதை சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தக் கதையில் தங்கை ஒரு காட்டுப்பெண். மோத்தி என்ற ஓநாய் அவளுடைய துணை. காட்டுப்பெண் அடுத்து என்ன செய்வாள் என்று தங்கை சொல்ல வேண்டும்; அதுதான் விளையாட்டு.

"கோட்டை வாசல் காவலாளி ஓநாயை உள்ள விடமாட்டார்டி. சந்தையில யாரையாவது கடிச்சுட்டா?"

"வாய்க்கு மூடி போட்டுடறேன். நம்ம அபார்ட்மெண்ட் சொசைட்டியில நாய்ங்கள சர்வீஸ் லிஃப்ட்ல கூட்டிட்டுப் போறாங்கல்ல?"

"கோட்டையில ஏதுடி லிஃப்ட்? ஜல்தி சொல்லு, ஸ்டேஷன் வந்துடும்."

தங்கையின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"வெளிய விட்டா வேட்டைக்காரங்க கொன்னுடுவாங்கன்னு நீதானே சொன்ன? நான் வாசல்லயே அதுகூட உக்காந்துக்கறேன். நீ போ."

"நான் போய் என்ன பண்ண? மிச்சக் கதை எல்லாமே ஊருக்குள்ளதான்டி!"

அக்கா நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். வண்டி வேகம் குறைந்தது.

"சரி. காவலாளி ரெஜிஸ்டரை நீட்டறார். கூட வர்றவங்க பேரு?"

"மோத்தி."

"உறவு?"

"தம்பி."

அக்கா எழுதிக்கொண்டாள்.