ஒரு மல்லாட்டை குறைந்த கதை

காயத்ரி: இருங்க ஐயா... மல்லாட்டை மூட்டைய பிரிக்காமலே உள்ள எத்தினி வேர்க்கடலைன்னு சொல்லிட்டாரா?

சிங்காரம்: எங்க கொளஞ்சி சொன்னாம்மா. என்கூட ஏழாவது படிக்கிறப்ப. மூட்டைய ஒரு தட்டு தட்டுனான், சொல்லிட்டான். எண்ணுனா ஒண்ணே ஒண்ணு குறையுது.

காயத்ரி: அப்ப கணக்கு தப்புதானே?

சிங்காரம்: எங்க தப்பு? அந்த ஒண்ணு என் வாயில இருந்துச்சு. டீ ஆறுது, குடி.

காயத்ரி: அவரு தவறிப்போயி ஒரு வருஷம் ஆகப்போவுது. அவரு ஆரம்பிச்ச கம்பெனியில நினைவு மலர் போடறோம். நெசமா நடந்தத சொல்லுங்க.

சிங்காரம்: எழுதிக்கோ. விக்கிரவாண்டி டோல்கேட்டாண்ட டீ குடிச்சிக்கினு நின்னோம். எந்த லாரி எந்த வழியா போனா ஜல்தியா போவும்னு கணக்கு போட ஆரம்பிச்சான். டீ ஆறி, ஆடை கட்டி, ஆடை மேல ஒரு ஈ குடும்பமே நடத்திச்சு. அங்கதான் உங்க சாப்ட்வேர் பொறந்துச்சு.

காயத்ரி: ஈ குடும்பம் நடத்துச்சா...

சிங்காரம்: பேரன் பேத்தி எடுத்துச்சும்மா. இதையும் எழுது. சாவறதுக்கு முன்ன என் கைய புடிச்சிக்கினு, "ஆபீஸ் திண்டிவனத்த வுட்டு நகரக்கூடாது சிங்காரம்"னு சொன்னான்.

காயத்ரி: ஓ... மெட்ராசுக்கு மாத்தற பேச்சு உங்களுக்கும் தெரியுமா?

சிங்காரம்: என் பேத்தி அருணா உங்க ஆபீஸ்லதானே வேலை பாக்கறா. ஆபீஸ் போனா அவளும் போயிடுவா. அப்பறம் வூட்ல என்கூட சண்டை போட யாரு இருக்கா?

காயத்ரி: அப்ப அந்தக் கைய புடிச்ச கதை...

சிங்காரம்: கைய புடிச்சது நெசம். பேச்சுதான் நான் சேத்தது.

காயத்ரி: எங்க வூட்ல மல்லாட்டை கதையே வேற ஐயா. எண்ணிக்கை சொன்னது சிங்காரம். தின்னது கொளஞ்சி.

சிங்காரம்: அப்படியா சொன்னான், திருட்டுப் பய...

காயத்ரி: எந்த வூடுன்னு கேக்கலியே நீங்க?

சிங்காரம்: எதுக்குக் கேக்கணும்? அமெரிக்காவுல படிச்ச பாப்பாதானே நீ. டீய ஆறவுட்டு வெரலால ஆடைய ஒதுக்கறப்பவே தெரிஞ்சிபோச்சு. அப்பன் மாதிரியே.

காயத்ரி: தெரிஞ்சேவா இவ்ளோ அளந்தீங்க?

சிங்காரம்: மொதலாளிகிட்டதானே பாப்பா அளக்கணும்.

காயத்ரி: சரி மாமா... அந்த மூட்டைய எண்ணிப் பாத்தது யாரு?

சிங்காரம்: ...யாரும் எண்ணல. இத்தினி வருஷத்துல ஒருத்தரும் இதக் கேட்டதில்ல. அவன் பொண்ணுதான் நீ. அது கெடக்கட்டும், ஆபீஸ் என்னாவும்?

காயத்ரி: எங்கயும் போவல மாமா. இங்கயேதான்னு போன வாரமே கையெழுத்து போட்டுட்டேன், அருணாவுக்கும் தெரியும். சொல்லிட்டா தாத்தா கதை அளக்காம அடக்கி வாசிப்பாருன்னு அவதான் என் வாய அடைச்சா. இப்ப அந்த ஈ கதைய மொதல்லேர்ந்து சொல்லுங்க... கொஞ்சமும் குறைக்காம.