பந்திக்கு வந்த இருபதாவது ஆள்

கடலில் மூழ்கிப்போன ஒருவனை ஒன்பதாம் நாள் அழைத்துவந்து, வயிறு முட்ட மீன்குழம்பு சாப்பிட வைத்தவன் நான். சிரிக்காதீர்கள். ராயபுரத்தில் எந்தப் பாதிரியாருக்கும் கைவராத வேலை, மீனவர் சொசைட்டி செக்ரட்டரியான எனக்கு வந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம். வெளிநாட்டு நிவாரண சங்கம் ஒன்று ஐஸ் அறை கட்ட மானியம் தருவதாக எழுதியது. எங்கள் மீனும் மீஞ்சூர் விவசாயிகளின் காய்கறியும் அதில் ஒன்றாக இருக்கும். அவர்களுக்கு மீன், எங்கள் குப்பத்துக்குக் காய். ஒரே நிபந்தனை, பட்டியலில் உள்ளபடி தரப்புக்கு இருபது பேரை ஒரே பந்தியில் உட்காரவைத்து, சங்கத்து அதிகாரிக்கு நேரில் காட்ட வேண்டும்.

பட்டியல் போன பிறகு, எங்கள் இருபதாவது ஆள் லூயிஸ் கட்டுமரத்தோடு மூழ்கிப்போனான். உடல் கிடைக்கவில்லை. அதுவும் ஒரு வசதிதான்.

லூயிஸாக உட்கார, யானைக்கவுனி மண்டியில் மூட்டை தூக்கும் வெள்ளத்துரையைப் பிடித்தேன். தெற்கத்தி ஆள், கடலில் கால் நனைத்ததில்லை. லூயிஸின் நீலச் சட்டையை, கோவிலில் வைத்துச் செபிக்க என்று சொல்லி அவன் மனைவி சிலுவையம்மாளிடம் வாங்கினேன். துவைத்து மடித்துக் கொடுத்தாள்.

பந்தியில் அதிகாரி அவனிடம், "கடல் எப்படி?" என்றார்.

"இந்த வருசம் நல்ல வெளச்சல்யா."

மீனவன் விவசாயி மாதிரிப் பேசுகிறான், கூட்டு என்றால் இதுவல்லவா என்று அதிகாரி உருகிப்போனார். அவர் கண்ணீரில் குழம்பே உப்பேறியது.

பரிமாறிக்கொண்டு வந்த சிலுவையம்மாள் அந்தச் சட்டைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"செத்தவரு எப்டிண்ணே துன்னுவாரு?"

நான் அவள் காதருகே அமைதியாகத்தான் சொன்னேன். "குப்பத்துல நாப்பது அடுப்பு கீது. வாயத் தொறந்து எல்லாத்தயும் அணைச்சுட்டுப் போ." நியாயமான பேச்சுதானே. பிறகு அதிகாரியிடம், புருஷன் அதிகம் சாப்பிடுகிறான் என்று குறைப்படுகிறாள் என்றேன். அவர் சிரித்து, லூயிஸ் பெயருக்குப் பக்கத்தில் அவளையே சாட்சியாகக் கைநாட்டு வைக்கச் சொன்னார். வைத்தாள்.

வெள்ளத்துரை அந்தச் சட்டையோடே கிளம்பிப் போனான். ஐஸ் அறை வந்தது. மூழ்கியவர் குடும்பத்துக்குத் தரும் அரிசி மட்டும் அவளுக்கு வரவில்லை. புருஷன் உயிரோடு இருப்பதற்கு அவளே சாட்சி அல்லவா? கல்லறைத் திருநாளில் செத்தவர்களோடு அவன் பெயரை வாசிக்கவும் விடவில்லை. பாதிரியாரிடம் நானே போய், ஆள் எங்கேயோ இருப்பதாகக் கேள்வி என்றேன். ஊருக்கு நல்லது செய்பவன் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பத்து வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறேன். ரிட்டையரான எனக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? குப்பமே கூடச் சிரிக்கும். அவள் ஒருத்திதான், "அவரு வரவே இல்ல" என்பாள்.

போன வாரம் மத்தியானம் அவள் வீட்டுப் பக்கம் போனேன். இரண்டு தட்டு வைத்திருந்தாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"இன்னா சிலுவ, அவன் வந்தான்னு இப்பவாச்சும் நம்புறியா?"

எதிர்த்தட்டில் குழம்பை ஊற்றியபடி, முதல்முறையாக ஒப்புக்கொண்டாள். எனக்குப் பெரிய நிம்மதி.

"நெஜந்தான்ணே. நீ கூப்ட்ட, வந்துட்டாரு. இன்னும் போவல. சட்டயத்தான் கேட்டுகினே கீறாரு."