படத்தில் இருக்கும் கை

காலை ஏழே காலுக்குக் கர்தினாலுக்குச் சவரம் செய்வேன். பதினெட்டு வருட வழக்கம். ரோமில் என்னைவிடச் சுத்தமாகச் சவரம் செய்பவன் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

கர்தினால் பந்தோல்ஃபி விரதம் தவறாதவர். வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தொடமாட்டார். விலாங்கு மீனை நான்கு விதமாகச் சமைக்கச் சொல்வார். கீல்வாதத்தில் அவர் விரல்கள் இஞ்சிக்கிழங்கு போல் வீங்கியிருந்தன.

அவரைப் படமாக எழுத ஓவியர் எஜிதியோ வந்தார். முகத்துக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்ததிலேயே கர்தினாலுக்குத் தூக்கம் வந்துவிட்டது. உடம்புக்கும் கைக்கும் வேலைக்காரனை உட்காரவைப்பது அங்கே வழக்கம். அவருடைய சிவப்பு அங்கியையும் மோதிரத்தையும் அணிந்து பன்னிரண்டு நாள் நான் உட்கார்ந்தேன். படத்தில் முகம் மட்டும்தான் அவருடையது.

படத்தை அவருடைய கோவிலில் மாட்டினார்கள். மக்கள் வரிசையில் நின்று அந்த மோதிரக் கையை முத்தமிட்டார்கள். நான் தூணருகே நின்று பார்ப்பேன். தினமும்.

ஒருநாள் மீன்காரி ஓர்சோலா அங்கே மண்டியிட்டிருந்தாள். கர்தினால் பெருந்தன்மையோடு தம் சொந்தக் கையை நீட்டினார்.

“இது வேணாம் சாமி,” என்றாள். “அந்தக் கையத் தொட்டுத்தான் எம் புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சு. இது வேற யாரு கையோ மாதிரில்ல இருக்கு.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றே கர்தினால் ஓவியரை வரவழைத்தார். “எச்சித் தட்டு கழுவுற கையப் போய் எனக்கு ஒட்டி வெச்சிருக்கியே, எஜிதியோ. வியாழக்கிழமை வந்து கையுறை வரைஞ்சு மூடு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏன்டா பிரிமோ, மூஞ்சி தொங்குது? நீயா கர்தினால்?”



வியாழக்கிழமை ஏழே காலுக்கு வெந்நீரும் கத்தியும் கொண்டுபோனேன். அவர் தாடையை நிமிர்த்திக் கொடுத்தார். வலது கன்னம், இடது கன்னம், பிறகு கழுத்து.  இரத்தத்தில் ஊறிய துண்டை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கீழே வர்ணப் பெட்டியோடு காத்திருந்த எஜிதியோவிடம், இனி வேலை இல்லை, போகலாம் என்றேன்.

வெறுப்பில் செய்ததல்ல. வெறுக்கும் அளவுக்கு அவர் பெரிய மனிதர் அல்ல. மக்களை நினைத்துத்தான் செய்தேன். நாளைக்குக் காய்ச்சல் வந்தால் அவர்கள் ஒரு கையுறையையா முத்தமிடுவார்கள்?

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட விலங்கைக் கழற்றிவிட்டீர்கள். நன்றி. இதோ, மக்கள் முத்தமிடும் அந்த வலது கையை மேசைமேல் வைத்திருக்கிறேன். நீங்கள் பேனாவை நீட்டுகிறீர்கள். அது பிறகு.

“மண்டி போட வேணாம் ஐயா. கொஞ்சம் குனிஞ்சா போதும்.”