தகரமூஞ்சியின் இடது கால்

— ஆக, இந்தப் புதுப் படத்துல கொலையானது அந்தக் காலேஜ் பசங்க இல்ல தங்கச்சி. கலை! கலையைத்தான் கண்டந்துண்டமா வெட்டிப் போட்டிருக்காங்க.

— தலைவரே, மூணு மாடி ஏறி வந்திருக்கோம். முதல்ல மூச்சு விடுங்க. கலையை அப்புறம் பொதைச்சுக்கலாம்.

— சார், கொஞ்சம் மெதுவா. அப்பா உள்ள முழிச்சுக்கிட்டுதான் இருக்கார். அந்த ரூம் கதவைச் சாத்தினாலும் பாதிப் பேச்சு கேக்கும்.

— கேக்கட்டும் தங்கச்சி! ஏழு படத்துலயும் தகர முகமூடிக்குள்ள கொலைகாரத் தகரமூஞ்சியாகவே வாழ்ந்த மாமனிதர் அவர். அகில உலகத் தகரமூஞ்சி ரசிகர் மன்றத்தின் சார்பில் நாங்கள்...

— அகில உலகம்னதும் பெரிய கூட்டம்னு நினைச்சுடாத கண்ணு. நாங்க ரெண்டு பேர்தான். இவர் தலைவர், நான் செயலாளர். பொருளாளர்னு ஒருத்தர் இருந்தார். இந்தப் புது ரீமேக்கைப் பார்த்துட்டு, 'பரவாயில்லையே'ன்னு வாய் தவறிச் சொல்லிட்டார். இடைவேளையிலயே மன்றத்தை விட்டுத் தூக்கிட்டோம்.

— கொள்கை, செயலாளரே, கொள்கை!

— எனக்கு ப்யூட்டி பார்லர் இருக்கு. கொள்கையெல்லாம் இவர் டிபார்ட்மென்ட்.

— அக்கா, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இப்படி உட்காருங்க. சார், நீங்களும். நான் போன்ல சொன்னேன்ல, எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. உள்ள போய், 'புதுப் படத்துல உங்க நடை நல்லா இருந்துச்சு'ன்னு அப்பாகிட்ட சொல்லணும். அவ்வளவுதான்.

— அதை மட்டும்தான் தங்கச்சி என்னால சொல்ல முடியாது.

— ஏன் சார்?

— ஏன்னா, புதுப் படத்துல நடக்கறது உங்கப்பாவே இல்ல. எவனோ டூப்பு.

— சார், அப்பாதான் சார். ஷூட்டிங்ல நான் கூடவே நின்னேன். தண்ணி பாட்டிலும் மாத்திரையும் வெச்சுக்கிட்டு.

— நீ மகள்மா. உனக்கு அப்பாவோட முகம் தெரியும். அவர் நடை தெரியணும்னா ரசிகனைத்தான் கேக்கணும். பழைய ஏழு படத்தையும் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. அந்த இடது கால் இருக்கே! வலது கால் ஒரு முடிவோட முன்னாடி போயிடும். இடது கால் மட்டும் வரலாமா வேணாமான்னு யோசிச்சு, தரையோட ஏதோ ரகசியம் பேசிட்டு, அப்புறமா இழுத்துக்கிட்டு வரும். அது காலா? இந்தச் சமூகம் ஒதுக்கித் தள்ளின ஒருத்தனோட தயக்கம் தங்கச்சி. கொல்லவும் மனசில்ல, கொல்லாம இருக்கவும் வழியில்ல. அந்த ஊசலாட்டத்தை ஒரு பாதத்துல காட்டின கலைஞன் உலகத்துலயே...

— இதே பேச்சை என் பார்லர்ல வந்து பேசினார் கண்ணு. ஒரு அம்மாவுக்குப் புருவம் திருத்திக்கிட்டிருந்தேன். 'ஊசலாட்டம்'ங்கற இடம் வந்ததும் அந்தம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க, ஒரு பக்கப் புருவத்தோட.

— அவங்க ரசனை அவ்வளவுதான்.

— ரசனை இருக்கட்டும் தலைவரே. ரீமேக்குல ஒண்ணு ரெண்டு நல்லதும் இருக்கு, ஒத்துக்கங்க. பழைய படத்துல ஓடற பொண்ணுங்க எல்லாரும் ஒண்ணுமில்லாத தரையில தடுக்கி விழுவாங்க. இதுல ஒருத்திகூட விழல.

— விழாத பொண்ணை எப்படி வெட்டறது? தகரமூஞ்சி நடப்பானே தவிர ஓட மாட்டான். அவ விழுந்தாத்தான் கதையே நகரும்! சரி, ரத்தத்தைச் சொல்லுங்க பார்ப்போம்.

— இதுல ரத்தம் ரத்தம் மாதிரி இருந்துச்சு. பழசுல பிரெட்டுல தடவற ஜாம் மாதிரி இருக்கும்.

— அந்த ஜாம்ல ஒரு நேர்மை இருந்துச்சு! இதுல என்ன பண்ணியிருக்கான்? தகரமூஞ்சி ஏன் கொலைகாரன் ஆனான்னு அரை மணி நேரம் விளக்கம். சின்ன வயசுல அவனை யாரோ பெட்டியில பூட்டி வெச்சாங்களாம். எங்க காலத்துல கொலைகாரன் கொலையை மட்டும் பண்ணிட்டுப் போவான். விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க மாட்டான்.

— ஆமா, விளக்கம் சொல்ல நீங்க இருந்தீங்க.

— சார், அக்கா, மன்னிச்சுக்கங்க. எனக்கு ஸ்கூல் விடற நேரம் ஆகப்போகுது. நான் ஸ்கூல் வேன் ஓட்டறேன். புள்ளைங்க கேட்ல நின்னுக்கிட்டிருக்கும். அதுக்குள்ள இந்த விஷயம் முடியணும்.

— சொல்லும்மா. தலைவர் வாயைத் திறக்காம நான் பார்த்துக்கறேன்.

— அப்பாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணினா கோல் புடிச்சாவது எழுந்து நடக்கலாம்ங்கறாங்க. தள்ளிப் போட்டா படுக்கைதான், அப்புறம் நெஞ்சுல சளி கட்டும், அப்புறம் எங்ககிட்ட வராதீங்கன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்லிட்டார். அப்பா மாட்டேங்கறார். படம் வந்த நாள்லேர்ந்து ஒரே பேச்சு. 'மன்றத்துக்காரங்க என் நடையைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லு. நல்லா இருக்குன்னா ஆபரேஷன் பண்ணிக்கறேன். இல்லன்னா எனக்கு எதுக்குக் காலு'ங்கறார்.

— அடப்பாவமே. ஏன் தலைவரே, கேட்டீங்களா?

— கேட்டேன், கேட்டேன். எப்படி விழுந்தார் தங்கச்சி?

— நீங்கதானே சார் படக் கம்பெனி வாசல்ல அட்டை புடிச்சுக்கிட்டு நின்னீங்க? 'அவர் நடக்காவிட்டால் தகரமூஞ்சி நடக்காது'ன்னு?

— நான்தான்! வெயில்ல நின்னோம். செயலாளர் குடை புடிச்சாங்க.

— அது டிவியில வந்துச்சு. மறுவாரமே கம்பெனி ஆள் இந்த ரூம்ல வந்து உட்கார்ந்தார். 'உங்க ரசிகர்கள் விட மாட்டேங்கறாங்க, நீங்களே நடந்து குடுத்துடுங்க'ன்னார். எழுபதைத் தாண்டின மனுஷன் சார். நான் வேணாம்னேன். அப்பா என் பேச்சைக் கேக்கல. 'இல்லம்மா, இதை நான் நடந்துதான் ஆகணும்'னார். வெளிய இருக்கே இந்த வராண்டா, இதுல போய் வந்து போய் வந்து பழகினார். கீழ் வீட்டுக்காரங்க சத்தம் தாங்காம சண்டைக்கே வந்துட்டாங்க. கடைசி ஷாட் முடிஞ்சு, கட் சொன்னப்புறம், செட்டுல இருந்த இரும்புப் படியில இறங்கும்போதுதான் சறுக்கிட்டார்.

— ஆங்! விழுந்துட்டார் பாருங்க. அப்போ மிச்சத்தை டூப்பு வெச்சு எடுத்துட்டான். நான் சொன்னேன்ல!

— தலைவரே, கடைசி ஷாட் முடிஞ்சப்புறம்னு அந்தப் பொண்ணு சொல்லுது.

— கம்பெனிக்காரன் எதைக் கடைசின்னு சொன்னானோ! செயலாளரே, நீங்களும் என் பக்கத்து சீட்டுலதானே இருந்தீங்க. அந்த நடையைப் பார்த்தீங்கள்ல? பஸ் ஸ்டாப்பைத் தவறவிட்ட பெரியவர் மாதிரி. தியேட்டர்ல சிரிச்சாங்களா இல்லையா?

— மெதுவா பேசுங்க. கதவு.

— சிரிச்சாங்களா அக்கா?

— ...ஒண்ணு ரெண்டு பேர் கண்ணு. அது எதுக்கு இப்போ.

— அதை உள்ள சொல்லிடாதீங்க. தயவுசெஞ்சு.

— இந்தா பாரும்மா, நான் போய் சொல்றேன். நடை பிரமாதம், கண்ணு பட்டுடப் போகுதுன்னு. பார்லர்ல ஒரு நாளைக்கு இந்த மாதிரி எத்தனை சொல்றேன், யாருக்கும் ஒண்ணும் ஆகல.

— நீங்க சொன்னா நம்ப மாட்டார் அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா தலைவரைத்தான் கூப்பிடச் சொன்னார். 'அந்த ஆள் ஒருத்தர்தான் அந்த நடையோட ஒவ்வொரு எட்டையும் பார்த்தவர். பொய் சொல்லத் தெரியாது. அவர் வாயால வரட்டும்'னார்.

— அவர் அப்படியா சொன்னார் தங்கச்சி?

— அப்படியேதான் சார்.

— ஒவ்வொரு எட்டையும் பார்த்தவர்னு?

— ஆமா சார்.

— செயலாளரே, கேட்டீங்களா? மன்ற வரலாற்றுல இதைப் பொறிச்சு வைக்கணும். மனுஷர் எப்பவுமே அளந்துதான் பேசுவார். ஒரு தடவை விழா மேடையில, ஒரே ஒரு எட்டு நடந்து காட்டுங்க ஐயான்னு கெஞ்சினேன். என்ன சொன்னார் தெரியுமா? 'அந்த நடை என்கிட்ட இல்லப்பா'ன்னார். எவ்வளவு பெரிய தத்துவம்! கலை கலைஞனுக்குச் சொந்தமில்லையாம். எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

— உங்களுக்கு மாத்திரைச் சீட்டைப் படிச்சுக் காட்டினாலும் சிலிர்க்கும்.

— சார், ஒரே வரி. நடை நல்லா இருந்துச்சு. சொல்லிட்டு வந்துடுங்க. ரெண்டாவது வரி வேணாம்.

— கவலையை விடு. உங்கப்பா எழுந்து நடப்பார். இந்தச் சட்டைக் காலர் சரியா இருக்கா செயலாளரே?

— இருக்கு, போங்க. ஒரு வரி, தலைவரே. மேடை இல்ல அது, கட்டில்.

— கதவை லேசாத் தள்ளினா போதும் சார். கட்டில் இடது பக்கம்.

— போயிட்டார். எப்பா. நீ உட்காரு கண்ணு, நின்னுக்கிட்டே இருக்க.

— உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராதுக்கா. சாப்பிட்டீங்களான்னுகூடக் கேக்கல, பாருங்க.

— அதெல்லாம் இருக்கட்டும். நீ ஒருத்திதானா பார்த்துக்கற?

— நான்தான். அம்மா போய்ச் சேர்ந்ததுலேர்ந்து அவருக்குப் பேச்சே குறைஞ்சுபோச்சு. படத்துல நடக்கக் கூப்பிட்டப்போதான் முகத்துல கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு. அதான் என்னாலயும் கண்டிப்பா சொல்ல முடியல. நீங்க எப்படிக்கா இந்த வெட்டுக்குத்துப் படத்துக்கெல்லாம்?

— புருஷன் விட்டுட்டுப் போன புதுசுல வீட்டுல தனியா இருக்கவே பயமா இருக்கும். தகரமூஞ்சியைப் பார்த்துட்டு வந்தா அந்த பயம் சின்னதாத் தெரியும். இவனாவது கதவைத் தட்டிட்டு வர்றானேன்னு இருக்கும்.

— உள்ள சத்தமே காணோமே.

— தலைவர் இருக்கற எடத்துல சத்தம் இல்லன்னா ஒண்ணு அவர் தூங்கறார், இல்ல அழறார். இதோ வந்துட்டார். என்ன தலைவரே, மூஞ்சியெல்லாம் பளபளங்குது?

— தங்கச்சி, நீ ஒரு வரி கேட்ட. நான் உங்கப்பா தலையில கிரீடத்தையே வெச்சுட்டு வந்திருக்கேன்!

— நடை நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்கள்ல சார்?

— அந்த அற்பப் பாராட்டை அவருக்குச் சொல்லவா நான் மூணு மாடி ஏறினேன்? பொய் சொல்லாதவன்னு நம்பிக் கூப்பிட்டிருக்கார். கையைப் புடிச்சுச் சொன்னேன். 'ஐயா, புதுப் படத்துல நடந்திருக்கானே ஒரு கத்துக்குட்டி, அவனுக்கு நடக்கவே தெரியல. அது நீங்க இல்லன்னு குழந்தைகூடச் சொல்லும். தியேட்டரே சிரிச்சுது. அந்த அவமானம் உங்களைச் சேராது'ன்னு!

— ஐயோ தலைவரே. என்ன காரியம் பண்ணித் தொலைச்சீங்க.

— இருங்க செயலாளரே, இதுக்கப்புறம்தான் உச்சக்கட்டம். 'அவ்வளவு மோசமா?'ன்னு கேட்டார். 'அதைவிட மோசம்'னேன். அப்புறம், 'பழைய நடை?'ன்னார். 'அது தெய்வம் நடந்த நடை ஐயா, இனி எவனும் அப்படி நடக்க முடியாது'ன்னேன். 'ஆமா, முடியாது'ன்னார். ஒரு துளி போலி அடக்கம் இல்ல! கண்ணு ரெண்டும் குளமாயிடுச்சு. ரசிகனா நான் பிறந்ததுக்குப் பலன் இன்னிக்குத்தான் கிடைச்சுது.

— ஆபரேஷன் பத்தி என்ன சொன்னார் சார்?

— அது ஏதோ சொன்னாரே... ஆங், 'டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடச் சொல்லு'ன்னார். கதவைச் சாத்தச் சொல்லிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். புகழோட உச்சியில விலகிப் போற கம்பீரம் இருக்கே... ஏன் தங்கச்சி, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?

— கண்ணு, இந்தத் தண்ணியைக் குடி. வேன் சாவியைக் கீழ வை.

— சார், முதல் படத்தோட முதல் நாள், அந்தத் தகரத்தை மாட்டினதுமே அப்பாவுக்கு மூச்சு முட்டிடுச்சு. கழட்டி வீசிட்டு ஓடி வந்துட்டார். வந்த வேலை போயிடுமேன்னு, அங்க துணிமணி பார்த்துக்கிட்டிருந்த எங்கம்மா அந்தத் தகரத்தையும் கோட்டையும் எடுத்து மாட்டிக்கிட்டாங்க.

— யாரு? என்ன சொல்ற தங்கச்சி?

— அப்பாவோட பூட்ஸ் அம்மாவுக்குப் பெருசு, இடது கால்ல கழண்டு விழாம இருக்க அந்தக் காலை மட்டும் இழுத்து இழுத்து நடந்தாங்க. டைரக்டருக்கு அது புடிச்சுப்போய் ஏழு படத்துக்கும் அம்மாவையே நடக்க விட்டுட்டார், பேர் மட்டும் அப்பாவுக்கு. நீங்க தெய்வம்னு சொன்னது எங்கம்மாவை சார். எங்கப்பா நடந்தது இந்த ஒரு படத்துலதான்.