டமாலைச் சரிசெய்த மதியம்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். முப்பத்தோரு வருடம் பழுது பார்த்தவனுக்கு உட்கார்ந்த மறுநிமிடமே தெரிந்துவிடும். பரவாயில்லை ஐயா, சாய்ந்து உட்காராமல் பார்த்துக்கொள்கிறேன். கைகளை மேசைமேல் வைக்கச் சொன்னீர்கள், வைத்திருக்கிறேன். விரல்கள் நடுங்குவது பயத்தால் அல்ல. ஏழெட்டு வருடமாகவே அப்படித்தான்.

மந்திரப் பள்ளி என்றால் வெளியில் இருப்பவர்கள் என்னென்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் அதுவும் ஒரு பள்ளிக்கூடம்தான். முன்னூறு பிள்ளைகள், இரண்டு மாடி, மாதம் தவறாமல் அடைத்துக்கொள்ளும் ஒரு கழிவுநீர்க் குழாய். மற்ற பள்ளிகளில் பந்து பட்டு ஜன்னல் உடையும். இங்கே ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தாலே உடையும். உடைந்ததைச் சேர்ப்பதற்காக என்னை வைத்திருந்தார்கள். நானும் அங்கே படித்தவன்தான். பறக்க வரவில்லை, உருமாற வரவில்லை. உடைந்த பொருளைத் தடவிக்கொடுத்தால் பழையபடி சேர்ந்துகொள்ளும். அந்த ஒன்றுதான் வந்தது. அதை வைத்துப் பிழைத்தேன்.

என் வேலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒட்டு. உடைந்த தட்டு சேரும். திரும்பக் கீழே போட்டால் திரும்ப உடையும். இன்னொன்று, இறுக்கு. இறுக்குப் போட்ட பொருள் அதற்குப்பின் உடையாது, தேயாது, நிறம் மங்காது. ஆனால் அசையவும் செய்யாது. கதவுக்குப் போட்டால் கதவு திறக்காது. மணிக்குப் போட்டால் மணி அடிக்காது. ஆகவே தூண், சுவர், கூரை இவற்றோடு நிறுத்திக்கொள்வோம். உயிருள்ளதற்குப் போடக் கூடாது என்று பணிவிதியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வேலையும் கையிலிருந்து கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இளவயதில் ஒரு டம்ளர் டீயைப் பிடித்துக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடும். ஐம்பது தாண்டியபின் டீ ஆறுகிறது, கை அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண் இரண்டு வருடத்துக்கு முன் வந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பதிவேட்டில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதல் வாரமே பிள்ளைகள் அவளுக்கு டமால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆசிரியர்களும் வாய்தவறி அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

கெட்ட பிள்ளை இல்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குள் மந்திரம் குழாய்த் தண்ணீர்போல இருக்கும். திறந்தால் வரும், மூடினால் நிற்கும். இவளுக்கு மூடி கிடையாது. சிரித்தால் வரும், பயந்தால் வரும், தும்மினால்கூட வரும். ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் தோழி ஏதோ சொல்ல, இவள் சிரிக்க, முன்னூறு தட்டுகளும் எழுந்து உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டன. யாரோ கத்தினார்கள். அவள் பயந்தாள். முன்னூறும் கீழே வந்தன. ஒட்டி முடிக்க எனக்கு எட்டு நாள் ஆயிற்று. எட்டாவது நாள் ஆய்வுக்கூடத்தின் தரை தண்ணீராகிவிட்டது. நாற்பது நாற்காலிகள் மிதந்தன, வேதியியல் ஆசிரியர் மேசைமேல் ஏறி நின்று பாடத்தை நடத்தி முடித்தார். அவருக்கு அது வேடிக்கைக் கதை. போகிற இடமெல்லாம் சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் அவள் என் பட்டறைக்கு வந்துவிடுவாள். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"மாமா, இந்தத் தடவை கொஞ்சம்தான் உடைஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

"நீங்க வந்து பாத்தா கோவப்பட மாட்டீங்க. அவ்வளவுதான்."

பிறகு உட்கார்ந்து சில்லுகளைப் பிரித்துக் கொடுப்பாள். அளவு வாரியாக, வளைவு வாரியாக. நன்றாகவே செய்வாள். பட்டறைக்குப் பின்னால்தான் எங்கள் குடியிருப்பு. என் மனைவி அவளைக் கண்டால் விடமாட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. டமால் வந்தால் அடுப்பில் பாலை வைத்துவிடுவாள். இவளும் "அத்தை, அத்தை" என்று பின்னாலேயே சுற்றுவாள். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு வருடத்தில் ஒரு டம்ளர்கூட உடையவில்லை. அது ஏன் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

தலைமையாசிரியையிடம் மூன்று முறை போனேன். கடைசி முறை அவர் நேரமில்லை என்று சொல்லியும் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தப் பொண்ண வேற எங்கயாவது அனுப்பிடுங்கம்மா. என்னால முடியல."

"இந்த மாதிரி ஒரு பிள்ளை நாப்பது வருஷத்துக்கு ஒருதடவைதான் வரும். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"என் கையப் பாருங்கம்மா."

அவர் பார்த்தார். நல்ல மனுஷிதான். "உடைஞ்சா ஒட்டத்தானே நீங்க இருக்கீங்க" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

பூனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். சமையலறையில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. பால் ஜாடியைத் தட்டிவிடுவது அதன் வழக்கம். ஒரே ஜாடியைப் பதினான்கு தடவை ஒட்டியிருக்கிறேன். பதினைந்தாவது தடவை ஜாடியை ஒட்டுவதற்குப் பதிலாகப் பூனையின் முதுகில் கையை வைத்தேன். விதிகளில் கூடாது என்று இருந்ததே தவிர, முடியாது என்று இல்லை. முடிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த நிலையில் அப்படியே இருந்தது. ரோமம்கூட உதிரவில்லை. தூங்குகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். என் மனைவி மட்டும் இரண்டாம் நாள் ஒரு துண்டைக் கொண்டுபோய் அதன்மேல் போட்டுவிட்டு வந்தாள்.

துண்டை எடுத்தது டமால்தான். "ஏன் மாமா இதுக்குப் போத்தி விட்டிருக்கீங்க" என்று பூனையின் காதைத் தொட்டாள். விரல் கூசியதுபோலத் தானே சிரித்தாள். பூனை ஒரு துள்ளுத் துள்ளி ஓடிப்போய்விட்டது. என்னைக் கண்டால் அதற்குப்பின் அது மதில் ஏறிவிடும். அன்று என் மனைவி வெகுநாளைக்குப் பிறகு ஏதோ பாடிக்கொண்டே சமைத்தாள். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன். முப்பத்தோரு வருடத்தில் நான் போட்ட இறுக்கு ஒன்றுகூட விட்டதில்லை, ஐயா.

பிறகு வண்ணக் கண்ணாடிக் கூரை. பெரிய கூடத்தின் பழைய கூரை ஒரு புயலில் போயிற்று. அதன் சில்லுகளை இரண்டு வருடமாகச் சேர்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம். வேலை நேரம் முடிந்து, மற்ற பழுதெல்லாம் பார்த்து முடித்து, மிச்சமிருந்த சூட்டில் செய்தது. ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாக இறுக்குப் போட்டேன். அது முடிந்தால் எனக்குப் பணி ஓய்வு. இனி அங்கே இடி விழுந்தாலும் கீறல் விழாது என்று தலைமையாசிரியையிடம் எழுதியே கொடுத்தேன்.

திறப்பு நாளன்று பெற்றோரெல்லாம் வந்திருந்தார்கள். திரையை விலக்கினார்கள். வெயில் உள்ளே வந்தது. தரை முழுக்க நிறம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் அவள் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

கூரை மொத்தமும் கழன்று வந்துவிட்டது.

ஒருவருக்கும் கீறல் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் எல்லாச் சில்லுகளும் அப்படியே நின்றன. அவள் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்திருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கூடம் காலியாகும்வரை பிடித்திருந்தாள். கடைசி ஆள் வெளியே போனதும் மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள். கடைசி ஆள் நான்தான். தலைமையாசிரியை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். நான்கு ஆசிரியர்கள் அழுதார்கள். யாரோ போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "ஒட்டிடலாம் இல்ல?" என்றார்.

மறுநாள் மதியம் அவள் பட்டறைக்கு வந்தாள். சில்லுகளைப் பன்னிரண்டு பெட்டிகளில் அள்ளிக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

"கோவமா மாமா?"

"இல்லம்மா."

உண்மையில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"நிறம் நிறமா பிரிச்சுத் தரட்டுமா? நீலம் தனியா, பச்சை தனியா?"

"தரலாம். முதல்ல முக்காலியில உக்காரு."

உட்கார்ந்தாள். ஒரு நீலச் சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் பின்னால் போய் நின்று அவள் முதுகில் கையை வைத்தேன். எந்தப் பொருளிலும் விரிசல் எங்கே என்று என் விரலுக்குத் தெரியும். அவளுக்குத் தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. தலைமுடி அகலம்தான் இருக்கும். அதன் வழியாகத்தான் எல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. அதை மூடிவிட்டால் அவளுக்கும் நிம்மதி, பள்ளிக்கும் நிம்மதி. அந்த எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். ஒட்டு அங்கே நிற்கவில்லை. போட்டுப் பார்த்தேன், நழுவிவிட்டது. ஆகவே இறுக்குப் போட வேண்டியதாயிற்று. காலிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும், அதுதான் முறை. இருபது நிமிடம் ஆயிற்று.

வேலை சுத்தமாக வந்திருந்தது. நீங்களே போய்ப் பார்த்தீர்கள். கையில் அந்த நீலச் சில்லு, கண் திறந்தபடி, உதடு கொஞ்சம் விரிந்தபடி. உடம்பில் சூடு இருக்கிறது. என் கையிலிருந்து போன சூடுதான். பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீலத்தையும் பச்சையையும் பிரித்தேன். அவ்வளவு அமைதியாக நான் வேலை செய்து பல வருடம் ஆயிற்று.

என் மனைவி இரண்டு டம்ளர்களில் டீ கொண்டுவந்தாள். முக்காலியில் இருந்தவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் நடந்து போனாள். உங்களிடம் சொன்னது அவள்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த டீயை நான் குடித்துவிட்டேன். இரண்டையும்.

ஆசிரியர்கள் ஆறு நாள் முயன்று பார்த்தார்கள். அதுவரை என்னையும் பட்டறையிலேயே காவலில் வைத்திருந்தீர்கள், என்னிடமும் கெஞ்சினார்கள். போட்ட இறுக்கைப் போட்டவனாலும் எடுக்க முடியாது. எடுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் சிரிக்க வேண்டும்.

ஏழாம் நாள்தான் அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், வந்தார். சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், முன்கையில் சோப்பு காய்ந்திருந்தது. முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டு மகளின் முகத்தைத் துடைத்தார். அங்கே தூசி ஒட்டாது, சொன்னேன், கேட்கவில்லை. பிறகு அவள் முதுகில் காதை வைத்து ரொம்ப நேரம் இருந்தார்.

"உள்ள இருந்து கூப்பிடுறா. அம்மான்னு கூப்பிடுறா."

இறுக்குப் போட்ட எதிலும் காதை வைத்தால் ஒரு ரீங்காரம் கேட்கும், ஐயா. சுவரில் கேட்கும், தூணில் கேட்கும். அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன பண்ணா அவ?" என்று கேட்டார். திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ அவரை அழைத்துப் போய்விட்டார்கள்.

அந்த இருபது நிமிடத்தில் அவள் ஏதாவது சொன்னாளா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று தடவை பேசினாள். முதலில், "மாமா, கால் மரத்துப் போச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தையக் கூப்பிடுங்களேன்" என்றாள். இடுப்பைத் தாண்டியபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கெட்டிக்காரி. அழவில்லை. பயந்தால் ஏதாவது உடையுமே என்று அடக்கிக்கொண்டாள். முதுகில் என் கை இருந்ததால் அது எனக்குத் தெரிந்தது. "இனிமே எதையும் உடைக்க மாட்டேன் மாமா" என்றாள்.

நான் நம்பினேன். அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. அப்போது கையை எடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தானாகத் தளர்ந்திருக்கும். அரைகுறை இறுக்கு நிற்காது. நெஞ்சுக்கு வந்துவிட்டால் பிறகு தளராது. அது எனக்குத் தெரியும்.

அதனால்தான் அதற்குமேல் கொஞ்சம் வேகமாகச் செய்தேன்.