பேரு பாம்பன், ஊரு தனுஷ்கோடி

இல்லண்ணே, நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கிறேன். காலையில இருந்து இந்த பெஞ்சுல உக்காந்து இடுப்பு செத்துப்போச்சு. சர்வர் டவுனாம். அந்தக் கண்ணாடி ரூமுல ஒரு புள்ள இருக்குல்ல, அதுதான் சொல்லிச்சு. எப்பம்மா எந்திரிக்கும்னு கேட்டேன். அது மெட்ராசுல இருக்கு, எனக்கென்ன தெரியும்ங்குது. சாயங்காலத்துக்குள்ள என் கார்டு சரியானாத்தான் தம்பிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக விடுவாய்ங்களாம்.

உள்ளதான் இருக்கான். சோணைமுத்துன்னு பேரு. எனக்கு அடுத்தவன். ஏசில படுத்திருக்கான். ஆமாண்ணே, இந்த ஆஸ்பத்திரியில ஏசி உள்ளது ரெண்டே எடம். கம்ப்யூட்டர் ரூமு ஒண்ணு, அவன் படுத்திருக்கிறது ஒண்ணு. குடுத்து வச்சவன்.

என்ன கார்டுன்னா கேக்குறீக? பரமக்குடிக்காரருக்கு எங்க தெரியப்போகுது. போன வருசம் பம்பாய்ல கடல் வழியா வந்து சுட்டுப்புட்டாய்ங்கள்ல, அதுக்கு இங்கன பாம்பன்ல எங்களப் புடிச்சு வரிசையில நிக்க வச்சுட்டாய்ங்க. போட்டோ, கைரேகை, கண்ணு, எல்லாம். கார்டு இல்லாட்டி மீன்புடிக்கக் கடலுக்குப் போக டோக்கன் இல்ல, டோக்கன் இல்லாட்டி போட்டு கெளம்பாது. அதிகாரி ஒருத்தரு மைக்கப் புடிச்சு ஒரே பெருமை. இது ரொம்பப் பாதுகாப்பான சிஸ்டம், இதுல ஏறுன ஒரு எழுத்தை எந்தக் கொம்பனாலயும் மாத்த முடியாதுன்னாரு. அது மட்டும் நெசம்ணே. தப்பா ஏறுன எழுத்தையும் மாத்த முடியல.

எழுதுனது ஒரு கம்பெனிக்காரப் பய. டை கட்டிக்கிட்டு, அந்த வெயில்ல. பேரு என்னன்னான். தனுஷ்கோடின்னேன். ஊரக் கேக்கலய்யா, பேரக் கேட்டேன்னான். பேருதான்யா தனுஷ்கோடின்னேன். என்னய ஏற எறங்கப் பாத்தான். சரி, ஊரு என்னன்னான். பாம்பன்னேன். ஓகோன்னு சிரிச்சுக்கிட்டான். இவன் படிக்காதவன், ரெண்டையும் மாத்திச் சொல்றான், நாம திருத்திக்கிடுவோம்னு அவனா திருத்திக்கிட்டான். கார்டு வந்துச்சு. பேரு பாம்பன், ஊரு தனுஷ்கோடி.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன். எம்பொண்டாட்டி ஒரு மாசம் பாம்பன்காரரேன்னுதான் கூப்புட்டா.

திருத்தச் சொல்லிப் போனா, உன் ஊரு வி.ஏ.ஓ. கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வான்னு சொல்றாய்ங்க. எந்த ஊருய்யான்னா, கார்டுல என்ன ஊரு இருக்கோ அந்த ஊருங்குறாய்ங்க. அறுவத்தி நாலு புயல்ல போன ஊருண்ணே அது. அங்கன யாரு போடுவா கையெழுத்து? இடிஞ்ச சர்ச்சு போடுமா?

கைரேகை வச்சு மாத்தலாமேன்னு நீங்க சொல்றது சரிதான். இந்தக் கையப் பாருங்க. தொட்டுப் பாருங்க. கயித்தையும் வலையையும் இழுத்து இழுத்து ரேகை தேஞ்சு வழுவழுன்னு போச்சு. எங்க ஆளுக பூராம் இப்புடித்தான். அந்தப் பய மெசினுல அழுத்து, இன்னும் அழுத்துன்னு பாத்தான். செவப்பு லைட்டுதான் எரியுது. வெளிய வரிசை பாலத்து வரைக்கும் நிக்குது. பய என்ன பண்ணுனான் தெரியுமா? அவன் பெருவிரலயே வச்சுட்டான். பச்சை லைட்டு. அடுத்த ஆளு வான்னான். அம்புட்டுத்தான். பாம்பன்ல பாதிப் பேருக்கு இப்ப அந்தப் பய பெருவிரல்தான்ணே. தீவிரவாதி வந்தான்னா எங்களக் கண்டுபுடிக்கிறது லேசு.

அட, இன்னும் கேளுங்க. கடக்கரை ஆபீஸுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ஆயுதபூசைக்கு வச்ச சந்தனம் குங்குமம் அதும் மேல இன்னும் அழியல. அதுல திருத்தலாம், பாஸ்வேர்டு வேணும்னாய்ங்க. பாஸ்வேர்டு அம்புட்டு ரகசியம். பொட்டி நெத்தியிலயே சீட்டுல எழுதி ஒட்டியிருக்கு. எனக்கே படிக்கத் தெரியுது. ஆனா அதப் போட்டாத் தெறக்கல. கிளார்க்கு ராவுல ஒக்காந்து படம் பாக்க ஒரு குச்சிய மாட்டியிருக்காரு, பென்டிரைவு, அதுல இருந்து வைரஸ் ஏறிருச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற விண்டோஸ் போட்டாய்ங்களாம். அதுவும் காசு குடுத்து வாங்குனது இல்ல, கள்ள விண்டோஸு. நாங்க கள்ளத்தோணின்னாக் கேஸ் போடுவாய்ங்க.

சரி, அப்ப பழைய பாஸ்வேர்டு எதுக்கு இன்னும் ஒட்டியிருக்குன்னு கேட்டேன். கிழிச்சா பெயிண்டு உரியும், அரசாங்கச் சொத்துன்னாரு.

இல்லண்ணே, தம்பிக்கு என்னன்னு கேட்டீகளே, அதுக்குத்தான வாரேன். அவனுக்குக் கார்டே வரல. போட்டோ எடுத்தாய்ங்க, கண்ணப் புடிச்சாய்ங்க, கார்டு அச்சாகிட்டு இருக்குன்னே சொல்லிக்கிட்டு இருந்தாய்ங்க. அதுவரைக்கும் கரையில ஒக்காந்து என்னத்தச் சாப்புடுவான்? எனக்குக் காய்ச்சல். என் கார்டை எடுத்து இடுப்புல சொருகிட்டுக் கடலுக்குப் போனான். ரெண்டு பேருக்கும் ஒரே சாடை. டோக்கன் குடுக்குறவன் கார்டை எண்ணுவான், மூஞ்சிய எங்க பாக்குறான்.

தேவிபட்டினத்துக் கரையில ஒதுங்குனாண்ணே. சட்டை கிழிஞ்சிருச்சு. மூஞ்சி சொல்லும்படியா இல்ல. கார்டு மட்டும் புதுசாட்டம் அப்படியே இருக்கு. தண்ணி போகாத பிளாஸ்டிக்கு, அதுமட்டும் நல்லாப் பண்ணியிருக்காய்ங்க. போலீஸ்காரவுக நம்பர அடிச்சாகளாம். சிஸ்டம் உடனே ஏத்துக்கிருச்சு. அன்னிக்கு மட்டும் சர்வர் நல்லா எந்திரிச்சு நின்னுருக்கு. பாம்பன், தனுஷ்கோடி, இறந்துவிட்டார். என் போட்டோதான் மேல.

நேத்து நான் வந்து இது என் தம்பின்னா, ஒங்க தம்பி பேர்ல சாவு ஏதும் பதியலையே, உள்ள இருக்கிறது நீங்கன்னு சொல்லுது அந்தப் புள்ள. மரியாதையாத்தான் சொல்லுது. எறந்தவரே வந்து பாடிய வாங்க சிஸ்டத்துல வழி இல்ல சார்ங்குது. பாம்பன் ஆளுகளும் நேத்தே வந்து நின்னாக. சாட்சிக்கு ஆகாதாம், வாரவுக போறவுக எல்லாருக்கும் ஒரே பெருவிரலாக் காட்டுதாம். எங்காத்தா மீனம்மா வாசல்ல கெடக்கு, அங்கன வேப்பமரத்தடியில, பச்சைச் சேலை. எந்தப் புள்ளைக்கு அழுகுறதுன்னு சரியாச் சொல்லுங்கய்யான்னு கேட்டுக்கிட்டு இருக்கு.

சர்வர் எந்திரிக்காட்டி இன்னொரு வழி இருக்காம். வெளியூர்க்காரரு, சொந்தமில்லாத ஆளு, நல்ல கார்டு உள்ளவரு ஒருத்தரு, இந்த ஆளு உசுரோட இருக்காரு, நான் பாத்துப் பேசுனேன்னு எழுதிக் குடுத்தாப் போதுமாம்.

இம்புட்டு நேரம் பேசிக்கிட்டுத்தானண்ணே இருந்தேன். நீங்களும் கேட்டீக, சிரிச்சீக.

பேனா நான் வச்சிருக்கேன்.