மடிச்சுக் கட்டின டென்ட்

சாயங்காலம் எட்டே முக்கால் இருக்கும்... சாயங்காலம்னுதான் சொல்லணும். நியூசிலாந்துல டிசம்பர்னா கோடை, கிஸ்போர்ன் பக்கம் அந்த நேரத்துக்கும் வெளிச்சம் போகாது. மலையைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு ஒரே ரோடு. முன்னாடி வண்டி இல்ல. பின்னாடி வண்டி இல்ல. போன்ல சிக்னல் செத்து அரை மணி நேரம் ஆச்சு.

ஜாரட், அந்த சிப்ஸ் பாக்கெட்டைக் கீழ வை. கறுக்கு முறுக்குன்னு சத்தம் கேட்டுச்சுன்னா நான் சொல்லமாட்டேன், ஆமா. டார்ச்சையும் அணைச்சுடு. எல்லாரும் கிட்ட வாங்க.

காருக்குள்ள ரெண்டே பேர். புரோடி, அவன் தங்கச்சி நெரிடா. என்கூட ஆஸ்பத்திரியில வேலை பாக்குற மரீ இருக்காளே, அவ அக்கா பிள்ளைங்க. மெல்பர்ன்ல இருந்து நியூசிலாந்துக்கு, நாம இப்ப வந்து டென்ட் அடிச்சிருக்கோமே, இந்த மாதிரிதான் ஒரு திறந்தவெளிப் பாட்டுத் திருவிழாவுக்குப் போறாங்க. நெரிடாவுக்கு அப்பதான் பதினெட்டு முடிஞ்சிருக்கு. அவ அம்மா விடவே மாட்டேன்னுட்டாங்க. ஒரு மாசம் புரோடி கெஞ்சினான். "அவளை என் கண்ணை விட்டு நகர விடமாட்டேம்மா"ன்னு வாக்குக் குடுத்த பிறகுதான் விட்டாங்க.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடலைன்னா வாடகைக் காரு கத்துமே, அந்தச் சத்தம். முன்னாடி ரெண்டு பேரும் போட்டிருக்காங்க. பின் சீட்டுல டென்ட் மூட்டை மட்டும்தான் இருக்கு.

"உன் டென்ட்டுக்கு பெல்ட் வேணுமாம்டா."

"மூணு கிலோ இருக்காது அது. மாட்டிவிடு, கத்தியே சாகுது."

நெரிடா எட்டி மாட்டிவிட்டா. சத்தம் நின்னுச்சு. கையை இழுத்தவ மோந்து பாத்தா. ஈரப் புல்லு வாசனை... கூடவே வெயிலுக்குப் பூசுற கிரீம் வாசனை, அந்தத் தேங்கா வாசனை.

"எங்கடா வாங்கின இதை?"

"வாங்கல. போன வருஷம் பல்லாரட் பக்கம் திருவிழாவுக்குப் போனேன்ல? கடைசி நாள் எடுத்தது."

நமக்கெல்லாம் தெரிஞ்சதுதானே. திங்கக்கிழமை காலையில பாதிப் பேரு டென்ட்டை அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க. நல்லதாப் பாத்து எடுத்துக்கலாம், யாரும் திருட்டுன்னு சொல்லமாட்டாங்க. ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு. கயித்தை ஆட்டணும். துணியைத் தட்டணும். "யாராவது உள்ள இருக்கீங்களா"ன்னு கேக்கணும். மூணு நாள் ஆடி அசந்தவங்க எவ்வளவு நேரம் தூங்குவாங்கன்னு யாரு கண்டா?

"கேட்டியா?"ன்னா நெரிடா.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. ஜிப் மூடித்தான் இருந்துச்சு. முளையைப் பிடுங்கினேன், சுருட்டினேன், வண்டியில போட்டேன்."

"ஜிப்பு மூடியிருந்தா... உள்ள இருந்து மூடினதா, வெளிய இருந்தா?"

புரோடி வளைவுல ஸ்டீயரிங்கை ஒடிச்சுத் திருப்பினான். "வீட்டுக்கு வந்து பிரிச்சேன். உள்ள ஒண்ணும் இல்ல. போதுமா?"

அப்பதான் அவளுக்குக் காலையில ஆக்லாந்து ஏர்போர்ட்ல நடந்தது ஞாபகம் வந்துச்சு. வெளிநாட்டு மண்ணு ஒரு துளி உள்ள வரக்கூடாதுன்னு டென்ட்டை வாங்கிட்டுப் போய் சோதிப்பாங்கல்ல? அந்த ஆபீசர் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் திருப்பிக் கொண்டாந்தார். "மண்ணு இல்ல தம்பி. முடியைத்தான் எடுத்து முடியல. உங்க கூட வர்ற பொண்ணை வெளிய நின்னு தலை சீவச் சொல்லுங்க"ன்னு சிரிச்சார். செம்பட்டை முடி, ஒவ்வொண்ணும் இடுப்பு நீளம்.

புரோடி மொட்டை. நெரிடா கழுத்துக்கு மேல கிராப்பு.

டிங்... டிங்...

திரும்பிப் பாத்தா, பெல்ட் கழண்டு கிடக்கு.

"ஓட்டைக் காரு"ன்னு சொல்லிட்டு புரோடி ரேடியோவைச் சத்தமா வெச்சான். ரேடியோவுல கரகரன்னு இரைச்சல் மட்டும்தான் வந்துச்சு. அதையும் அவன் அணைக்கல.

போய்ச் சேந்தாங்க. மேய்ச்சல் நிலம் முழுக்க டென்ட். இவங்களும் அடிச்சாங்க. முதல் ராத்திரி ஒண்ணும் நடக்கல. உங்க மூஞ்சியெல்லாம் ஏன் இப்படித் தொங்குது? ராத்திரிதான் வரும்னு யாரு சொன்னா உங்களுக்கு?

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். நெரிடாவுக்குத் தலைவலி. "நீ போடா, நான் கொஞ்சம் படுக்கிறேன்"னா. புரோடி தயங்கினான். அம்மாகிட்ட குடுத்த வாக்கு ஞாபகம் வந்துச்சு. ஆனா அவன் கடல் தாண்டி வந்ததே அந்த ஒரு பாட்டுக் குழுவுக்காகத்தான். ஒரு மணி நேரம், அவ்வளவுதானேன்னு போயிட்டான். அந்த இடத்துல நானா இருந்தாலும் போயிருப்பேன், பொய் சொல்ல விரும்பல.

பாட்டு இழுத்துக்கிட்டே போய், ஆறு மணிக்குத்தான் திரும்பி வந்தான். கையில அவளுக்காகக் கறி அடைச்ச பஃப்ஸ் ஒண்ணு, சூடா.

டென்ட் இல்ல.

புல்லு மஞ்சளா அமுங்கின சதுரம். முளை அடிச்ச குழிங்க. பக்கத்துல... மூட்டை. வாரெல்லாம் இறுக்கிக் கட்டி, ஓரம் மடிச்சு, ரொம்ப நேர்த்தியா. நீளமா.

பக்கத்து டென்ட்ல வெலிங்டன்காரங்க, புருஷன் பொண்டாட்டி, சாசேஜ் வறுத்துக்கிட்டு இருந்தாங்க.

"எங்க என் தங்கச்சி?"

"தங்கச்சியா? இப்பதான் ஒரு பொண்ணு இதை மடிச்சுக்கிட்டு இருந்தா"ன்னா அந்தம்மா. "நீள முடி. மழை வரப்போகுதுன்னா. வானத்துல ஒரு துண்டு மேகம் இல்ல. எனக்கே சிரிப்பு வந்துச்சு."

"உள்ள..."

"அதான் நானும் கேட்டேன், உள்ள யாரும் இருக்காங்களான்னு தட்டிப் பாத்தியாம்மான்னு. ஜிப் மூடித்தான் இருக்குன்னா. அவ டென்ட்டுதான் போலன்னு விட்டுட்டேன்."

புரோடி மூட்டை மேல கை வெச்சான். வெயில்ல கிடந்த துணி... சில்லுன்னு ஈரமா இருந்துச்சு. கைக்குக் கீழ அந்த நைலான் லேசா மேல எழும்புது. ஸ்ஸ்... இறங்குது. ஸ்ஸ்... இறங்குது. அப்புறம் எழும்பல.

சாசேஜ் நறுக்கின கத்தியைப் பிடுங்கி வாரை அறுத்தான். உருட்டிப் பிரிச்சான். ஒரு சுத்து. ரெண்டு சுத்து. மூணு... நாலாவது சுத்துல நெரிடாவோட கை வெளிய வந்து விழுந்துச்சு. உதடு நீலம். கண்ணு ரெண்டும் திறந்தே இருந்துச்சு.

பிழைச்சுட்டா. முதலுதவிக்காரங்க ஓடிவந்து மூச்சு குடுத்தாங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் தாமதிச்சிருந்தா அவ்வளவுதான்னாங்க. நீள முடிக்காரியை அந்த நிலம் முழுக்கத் தேடினாங்க. வாசல்ல எல்லாரோட டிக்கெட் கைப்பட்டையையும் பாத்தாங்க. அப்படி யாரும் உள்ள வரவும் இல்ல, வெளிய போகவும் இல்ல. டென்ட்டை புரோடி தன் கையாலேயே குப்பை லாரியில எறிஞ்சான். லாரி அதை அரைக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தான்.

அவங்க அம்மாகிட்ட, நெரிடா வெயில்ல மயங்கி விழுந்துட்டான்னு மட்டும் சொன்னான். உண்மையை மரீகிட்டதான் கொட்டினான். சொல்லிட்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதானாம்.

மரீ போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தா. நெரிடா நல்லாத்தான் இருக்கா. காலேஜ் போறா, சிரிக்கிறா, முடி கூட வளர்க்கிறா. படுக்கும்போது மட்டும் அவ்வளவு பெரிய கட்டில்ல ஓரமா, விழுந்துடுற மாதிரி, ஒரு சாண் இடத்துல ஒடுங்கிப் படுக்கிறா. காலையில அவ எழுந்து பல் தேய்க்கப் போனதும், படுக்கையைத் தட்டிப் போடலாமேன்னு மரீ போர்வை நுனியைப் பிடிச்சிருக்கா.

நெரிடா வாசல்படியில வந்து நின்னா. வாயில நுரை. குரலை இறக்கி, தூங்குற குழந்தை பக்கத்துல பேசுவோமே, அப்படிச் சொன்னாளாம்...

"கொஞ்சம் பொறுங்க சித்தி. அவ இன்னும் எழுந்திருக்கல."